ஜாண்டிங் காருக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு அயர்லாந்துப் பயண நூலை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கெடு. கில்லார்னி அத்தியாயம் முழுக்க 'ஜாண்டிங் கார்'தான். ஒற்றைக் குதிரை, இரண்டு சக்கரம். பயணிகள் முதுகோடு முதுகாக, ஆளுக்கொரு பக்கம் சாலையைப் பார்த்து உட்காருவார்கள். கால் வைக்கும் பலகை சக்கரத்துக்கு வெளியே தொங்கும். நடுவில் மூட்டை வைக்கப் பள்ளம். 'கார்' என்று விட்டால் வாசகர் மோட்டாரைத்தான் நினைப்பார்.

> ஜட்கா என்றே போடுங்கள், அக்கா.

ஜட்காவுக்குக் கூண்டு உண்டு, தம்பி. இதில் மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

> 'கார்' நம் சொல்லே. கால் என்றால் சக்கரம். 'கால்வல் நெடுந்தேர்' குறளில் இல்லையா? லகரம் ரகரமாகத் திரிந்தது.

ஐயா, அது ஐரிஷ் மொழி சேர்ந்த கெல்டிக் குடும்பத்துச் சொல். லத்தீனுக்குப் போய் 'கர்ருஸ்' ஆனது. உரிமை கோருவதானால் அயர்லாந்துக்காரர் கோரட்டும்!

> முதுகு காட்டி உட்காருவதால் 'புறங்காட்டி'?

போரில் தோற்று ஓடுபவனல்லவா புறங்காட்டுவான்? காசு கொடுத்து ஏறியவரை ஏன் அவமானப்படுத்த வேண்டும்? 'புறநோக்கு வண்டி' போதும். எதிரெதிரே பார்த்து உட்காரும் உள்வகையும் உண்டு; அது அகநோக்கு. அகமும் புறமும் நமக்குப் புதிதா என்ன! வெளிவண்டிக்குச் சக்கரம் உள்ளே, உள்வண்டிக்குச் சக்கரம் வெளியே என்று அங்கே ஒரு பழைய வேடிக்கைகூட உண்டு.

> பியன்கோனியை மறந்துவிடாதீர்கள். இத்தாலியில் பிறந்தவர், 1815இல் அயர்லாந்தின் குளோன்மெல்லிலிருந்து பயணிகள் வண்டி விட்டார். நெப்போலியன் போர் முடிந்து படைக்குதிரைகள் மலிவாகக் கிடைத்த நேரம். பிறகு அவர் விட்ட நாலு சக்கர நீள வண்டிக்கு என்ன பெயர்?

அந்த அத்தியாயம் அடுத்த மாதம். அப்போது சண்டை போடுவோம்.

> வண்டி வேண்டாம், 'புறநோக்குப் பாண்டில்'. வண்டிக்கான சங்கச் சொல் சும்மா கிடக்கிறது.

பாண்டில் என்றால் என் மகள் பாண்டி ஆட்டமா என்று கேட்கிறாள். சரி, நாலு பேர் 'புறநோக்கு வண்டி'க்கு ஆதரவு. இரண்டு பேர் பதிலே போடவில்லை. முதல் இடத்தில் மட்டும் 'ஜாண்டிங் கார் எனும் புறநோக்கு வண்டி' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

> அனுப்பியது உங்கள் விருப்பம். பாண்டிலை நான் விடுவதாக இல்லை.

> கால், கார் ஆனது பற்றித் தனிமடலில் விரிவாக எழுதுகிறேன்.