ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் குடித்த பூனை

அம்மாப்பேட்டையிலிருந்து:

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை குண்டனுக்கு ஐந்து வயது, நாலரை கிலோ எடை. சமையலறை மூலையில் தீனித் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் ஒட்டி ஒட்டி வைத்திருந்தேன். தண்ணீரை அது ஏறெடுத்தும் பார்க்காது. பாலைவனக் காட்டுப்பூனையின் வழிவந்த இனம், தாகம் குறைவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொல்லையில் ஆட்டுக்கல் குழியில் தேங்கியிருந்த தண்ணீரை அது நக்கிக் குடிப்பதைத் தினமும் பார்த்தும் கணக்கில் எடுக்கவில்லை.

போன சித்திரையில் அந்தக் குழியில் கொசுப்புழு நெளிந்தது. துடைத்துவிட்டுப் பலகை போட்டு மூடினேன். சேலத்து வெயில் தெரியும் அல்லவா? இரண்டு வாரத்தில் குண்டன் மணல் தட்டில் உட்கார்ந்து முக்க ஆரம்பித்தது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெயைத் தேடினேன் (எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய்தான்). மாமியார்தான், "ஏம்மா, அது அடிவயிற்றையே நக்கிக்கொண்டிருக்கிறதே, மணலில் ஈரம் இருக்கிறதா பார்" என்றார். ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

சிறுநீர்க் குழாயில் அடைப்பு. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகலாம். ஓரிரு நாள் தாமதித்திருந்தாலும் உயிர் போயிருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். தண்ணீர் குறைவது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் சிறுநீர் கெட்டியானால் படிகம் சேர வசதி என்றார். மூன்று நாள் குழாய் பொருத்தி வைத்திருந்தார்கள்.

கிலோவுக்குச் சுமார் 50 மில்லி என்றால் குண்டனுக்கு நாளைக்கு 225 மில்லி வேண்டும், உணவில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. நான் போட்ட உலர்தீனியில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். இப்போது பாதிக்குப் பாதி ஈரத்தீனி. வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் சேர்க்காமல் மீன் வேகவைத்த தண்ணீரும் கொஞ்சம் உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பரணில் கிடந்த மாக்கல் சட்டியை இறக்கி, தீனிக்கு எட்டாத தூரத்தில், கூடத்தில் வைத்திருக்கிறேன். வாய் அகலமாக இருப்பதால் மீசை இடிப்பதில்லை.

ஏற்காட்டிலிருந்து:

அக்கா, இங்கே தொல்லை மார்கழியில்தான். சில்லென்ற தண்ணீரை எங்கள் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். வெதுவெதுப்பாக வைத்தால் குடிக்கிறது. பால் கொடுத்துப் பார்த்தேன், வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம். குண்டன் கல்சட்டியில் குடிக்கிறதா?

அம்மாப்பேட்டையிலிருந்து:

இரவில் மட்டும். பகலில் ஆட்டுக்கல்தான். பலகையை எடுத்துவிட்டேன்; தினமும் காலையில் குழியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். நான் தேய்த்து முடிக்கும்வரை குண்டன் துணி துவைக்கும் கல் மேல் உட்கார்ந்து காத்திருக்கும்.