கைக்கொன்சோலை ஆட்டி ஆட்டி விளையாடுவது இனியும் வேண்டுமா?

ஒடியற்கூழ்:
போன வெள்ளி இரவு கொழும்பு பஸ்ஸில் நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ விளையாடிக்கொண்டு போனேன். அதில் ஒரு புதிர் அறை வரும். புதிர்ப்பாதை போட்ட பலகை ஒன்றில் பந்தை உருட்டி, எதிரே இருக்கும் சரிவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குப் பொத்தான் கிடையாது. கையில் இருக்கும் கருவியையே சாய்க்க வேண்டும். நான் ஒரு பக்கம் சாய்க்க, பஸ் இன்னொரு பக்கம் சாய்கிறது. திரையும் அதோடு சேர்ந்து சாய்வதால் பந்து எங்கே என்று கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துச் சீற்று ஐயா, “தம்பி, அதுக்குள்ள தண்ணி போட்டுதோ?” என்று கேட்டார். கடைசியில் முறிகண்டியில் பஸ் நின்று, எல்லோரும் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தப் போன நேரத்தில்தான் முடித்தேன். அதுவும் நேர்வழியில் இல்லை. கருவியை முழுதாகக் கவிழ்த்தால் பலகையின் அடிப்பக்கம் மேலே வரும், அங்கே தடுப்பே இல்லை!

என் கட்சி இதுதான். இனி வரும் கைக்கொன்சோல்களில் இந்த அசைவுச் சென்சரைத் தூக்கிவிட்டு, பெரிய பற்றரி போடட்டும்.

நெடுந்தீவுக் குதிரை:
கூழ் அண்ணை, நீங்கள் இரண்டு விடயத்தை ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சுகிறீர்கள். கருவியைச் சாய்த்துப் பந்து உருட்டுவது ஒன்று. ஜைரோவால், அதாவது கருவி திரும்புவதை உணரும் சென்சரால், குறிவைப்பது வேறொன்று. முதலாவது பகிடி விளையாட்டு, அதை நானும் தூக்கிப் பிடிக்கவில்லை. இரண்டாவது இல்லாமல், சாயம் சுடுகிற ‘ஸ்பிளட்டூன்’ விளையாடிப் பாருங்கள். பெருவிரலால் தள்ளும் தடி, எவ்வளவு வேகமாகத் திரும்புவது என்று மட்டும்தான் சொல்லும். எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்வது மணிக்கட்டு. பெரிய திருப்பத்துக்குத் தடி, கடைசிச் சொட்டுத் திருத்தத்துக்கு ஜைரோ. அதற்கு இரண்டு மூன்று பாகை அசைத்தால் போதும், திரை கண்ணை விட்டு எங்கேயும் ஓடாது.

பற்றரிக் கதை சரிவராது. ஜைரோவும், சரிவையும் வேக மாற்றத்தையும் உணரும் முடுக்கமானியும் சேர்ந்த சிப் குடிப்பது சில மில்லிவாட். திரையும் புரொசசரும் வாட் கணக்கில் குடிக்கின்றன. அதை எடுத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது முறிகண்டியிலிருந்து மாங்குளம் வரைக்கும் காணாது.

பனங்கொட்டை:
குதிரைத் தம்பி, பழைய கதை தெரியாமல் பேசக்கூடாது. 2000 ஆம் ஆண்டிலேயே நிண்டெண்டோ தன் ‘கேம் போய் கலர்’ கைக்கொன்சோலுக்கு ஒரு கேர்பி விளையாட்டு விட்டது, முடுக்கமானி கார்ட்ரிஜ்ஜுக்குள்ளேயே இருந்தது. கலரில் திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், சாய்த்தால் வெளிச்சம் போய்விடும். சாய்த்தால்தான் விளையாடலாம், சாய்த்தால் தெரியாது! பிறகு வந்த ‘கேம் போய் அட்வான்ஸ் எஸ்பி’யில் கார்ட்ரிஜ்ஜைக் கீழ்ப்பக்கத்தால் தலைகீழாகச் செருக வேண்டியிருந்ததால், அதில் போட்டால் இடம் வலமாகி, மேல் கீழாகிவிடும்.

2011 இல் வந்த த்ரீ டிஎஸ் இன்னும் விசேஷம். கண்ணாடி இல்லாமல் முப்பரிமாணம் தெரியும், ஆனால் தலையையும் திரையையும் நேராக வைத்தால்தான் தெரியும். அதே பெட்டிக்குள் ஜைரோவும் வைத்து, திருப்பு என்றார்கள். திருப்பினால் படம் இரண்டாகப் பிரியும். முகத்தைக் கமராவால் பார்த்துச் சரிசெய்யும் புது மாதிரியை 2014 இல்தான் விட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில்தான் முட்டுகிறார்கள். ரீவி முன்னால் நிண்டெண்டோவின் வீ (Wii) கொன்சோலை வைத்துக் குடும்பமாகப் பந்து எறிந்தது வேறு. திரை சுவரோடு நின்றது, கைதான் ஆடியது. அதனால்தான் அது பத்துக் கோடிக்கு மேல் விற்றது.

நெடுந்தீவுக் குதிரை:
அக்கா, எஸ்பி விடயம் எனக்குத் தெரியாது, தலை வணங்குகிறேன். ஆனால் நீங்கள் சொன்னது எல்லாமே கருவியை முழுதாகச் சாய்க்கிற கதைதான். குறிவைப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

பனங்கொட்டை:
சொல்கிறேன். என் வீட்டில் இரண்டு பெடியள், ஒரு ஸ்விட்ச் லைட். லண்டனில் இருந்து மாமா கொண்டு வந்தது. லைட்டில் கைப்பிடியைக் கழற்ற முடியாது, உலுக்கு என்றால் முழுப் பெட்டியையும் உலுக்க வேண்டும். ஒருநாள் சின்னவன் உலுக்கிய உலுக்கில் அது கதிரைக் காலில் அடித்து மூலை நசுங்கியது. குறிவைப்பதோ, உலுக்குவதோ, கொடுத்தால் பிள்ளை ஆட்டத்தான் செய்வான்.

சோல்டரிங் அண்ணை:
திருத்தும் மேசையில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் வருகிற கொன்சோல்களில் அநேகம் தடி தானாக ஒரு பக்கம் இழுக்கிற கேஸ்தான். உள்ளே உரசி உரசித் தேய்ந்திருக்கும். அசைவுச் சென்சர் செத்து வந்தது எனக்கு ஞாபகமே இல்லை. அது அரிசி மணி அளவு சிப். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலிக்கன் துண்டு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்ந்துகொண்டே இருக்கும். கருவியைத் திருப்பும்போது அந்த அதிர்வு கொஞ்சம் பக்கவாட்டில் விலகும், அந்த விலகலைத்தான் அளக்கிறார்கள். ஒன்றோடொன்று உரசாததால் தடியைப் போலத் தேயாது.

அதற்கும் குறை இருக்கிறது. கருவி எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதைப் புவியீர்ப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இடம் வலம் திரும்புவதற்கு அப்படி ஒரு ஆதாரம் இல்லை, அதனால் மெல்ல மெல்ல வழுகும். சமதரையில் வைத்து ஒருக்கா சீராக்கினால் போதும். சிலர் மடியில் வைத்துச் சீராக்கிவிட்டு, பழுது என்று கொண்டுவருகிறார்கள். சில நேரம் போர்ட்டில் வேறு வேலைக்கு அதிகமாகச் சூடு காட்டினாலும் அதன் கணக்குப் பிசகும். (இதை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.)

கூழ் தம்பியின் பஸ் பிரச்சினை உண்மையானது. பிரேக் அடிப்பதையும் கருவி சரிவதையும் முடுக்கமானியால் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பஸ் வளைவில் திரும்பினால் ஜைரோவுக்கு உம்முடைய கை திரும்பியதாகத்தான் படும்.

ஒடியற்கூழ்:
கேட்டீர்களா! இதைத்தான் நான் சொன்னேன். பேரே கைக்கொன்சோல். பஸ்ஸிலும் யாழ்தேவியிலும் விளையாடத்தானே செய்தது? வீட்டுக் கதிரையில் அசையாமல் இருந்தால்தான் வேலை செய்யும் என்றால் அதைக் கையில் ஏன் தருகிறார்கள்?

நெடுந்தீவுக் குதிரை:
ஆனையிறவு நேர்றோட்டில் ஒரு பிரச்சினையும் வராது, அண்ணை :) மற்ற இடத்துக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2022 இல் வந்த ஸ்டீம் டெக் கைக்கொன்சோலில் தடியின் தலை விரல் படுவதை உணரும். விரல் பட்டால் மட்டும் ஜைரோ வேலை செய்யும்படி வைக்கலாம். பஸ் வளையும்போது விரலை எடுங்கள், வளைந்து முடிந்ததும் வையுங்கள். நான் குறிகாட்டுவான் படகிலேயே விளையாடியிருக்கிறேன்.

ஒடியற்கூழ்:
படகில் விளையாடினாயா, சத்தி எடுத்தாயா? உண்மையைச் சொல்.

நெடுந்தீவுக் குதிரை:
இரண்டும்.

வலக்கை:
வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவன், இன்றைக்கு எழுதுகிறேன். எனக்கு வலது பெருவிரல் மடங்காது. 2009 க்கு முந்திய விடயம், அதன் கதை இங்கே வேண்டாம். வலது தடியைத் தள்ள என்னால் முடியாது. அதனால் சுடுகிற விளையாட்டு, கமரா திருப்புகிற விளையாட்டு எல்லாம் எனக்கு இல்லை என்றே பல வருடம் இருந்தேன். இப்போது மேலே குதிரை சொன்ன அதே ஸ்டீம் டெக் வைத்திருக்கிறேன். விரல் மடங்கத் தேவையில்லை, தடியின் தலையில் சும்மா கிடந்தால் போதும். மீதியை மணிக்கட்டு பார்க்கும். முதல் நாள் இரவு இரண்டு மணி வரை விளையாடினேன், நன்றாக விளையாடவில்லை என்பது வேறு கதை.

ஆனால் அக்கா சொன்ன உலுக்கல் எனக்கும் ஆகாது. டெக் ஏறக்குறைய 670 கிராம், ஒன்றரை இறாத்தல் பாண். அதை இப்படியான கையால் உலுக்கினால் தரையில்தான் விழும். உலுக்கு என்று விளையாட்டு கேட்டு, அதற்குப் பொத்தானும் தராவிட்டால், அதோடு எடுத்து வைத்துவிடுவேன். ஆகவே சென்சரை எடுக்கச் சொல்லாதீர்கள், கூழ். கட்டாயப்படுத்துவதைத்தான் எடுக்க வேண்டும்.

பனங்கொட்டை:
வலக்கை தம்பி, நான் இப்படி யோசிக்கவில்லை. ஆனால் பணம் கொடுப்பவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். சென்சர் இருந்தும் விளையாட்டு செய்பவர்கள் அதைக் கணக்கெடுப்பதில்லையே? 2020 இல் சீரிஸ் எக்ஸோடு வந்த எக்ஸ்பாக்ஸ் கொன்ட்ரோலரில் ஜைரோவே இல்லை. எல்லா இடத்திலும் ஓட வேண்டிய விளையாட்டை, இல்லாதவனை வைத்துத்தான் செய்வார்கள்.

வலக்கை:
உண்மைதான் அக்கா. கனக்க விளையாட்டுகளில் ஜைரோவை மவுஸ் மாதிரி நடிக்க வைத்துத்தான் விளையாடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் அமைப்பை நோண்ட அரை மணித்தியாலம் போகிறது. விளையாட்டுக்குள்ளேயே ஜைரோவுக்கு ஒரு தெரிவு இருந்தால் அந்த அலுப்பு இல்லை.

சோல்டரிங் அண்ணை:
மவுஸ் என்றதும் ஞாபகம் வந்தது. போன வருடம் ஜூனில், அதாவது 2025 இல், வந்த ஸ்விட்ச் 2 இன் கைப்பிடியைப் பக்கவாட்டில் வைத்து மவுஸாகவே உருட்டலாம். ஒன்று திருத்த வந்தபோது உருட்டிப் பார்த்தேன், மேசையில் வடிவாக ஓடுகிறது. தொடையிலும் ஓடியது, சாரத்தில் கொஞ்சம் சிக்கியது.

ஒடியற்கூழ்:
பஸ் சீற்றில் மேசைக்கு எங்கே போவது, அண்ணை? அதுவும் வீட்டுக்குத்தான்.

வலக்கை, உங்களுக்குப் பதில் சொல்லத்தான் இரண்டு நாள் எடுத்தேன். தூக்க வேண்டும் என்று எழுதியதை மீளப் பெறுகிறேன். ஆனால் முதல் தடவை திறக்கும்போது அது நிறுத்தப்பட்டு இருக்க வேண்டும், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். அந்தப் பந்துப் பலகைக்கும் ஒரு பொத்தான் வேண்டும். இதில் இறங்கமாட்டேன்.

நெடுந்தீவுக் குதிரை:
நிறுத்தி வைத்தால் யாரும் தேடிப் போடமாட்டார்கள். நீங்களே இதுவரை ஜைரோவால் ஒரு தடவையாவது குறிவைத்துப் பார்த்தீர்களா?

ஒடியற்கூழ்:
இல்லை. ‘ஸ்பிளட்டூன்’ கார்ட் இருந்தால் தாரும்.

ஒடியற்கூழ்:
குதிரை தந்த கார்ட்டோடு இன்று ஐந்து மணி பஸ்ஸில் சோதித்தேன். இணையம் வேண்டாத தனியாட்டம்தான். ஆஸ்பத்திரி வீதியில் நெரிசல், பஸ் அசையவே இல்லை, நான் வைத்த குறி ஒன்றும் தப்பவில்லை. பிறகு சாரதிக்கு யாரையோ முந்த வேண்டும் போல வந்துவிட்டது. இரண்டு வளைவு. என் ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு வானத்துக்குச் சாயம் அடித்தான். ஸ்விட்ச்சில் விரல் உணர்கிற தடி இல்லை, குதிரை, அதை நீர் சொல்லவில்லை. பார்வையை மீண்டும் நடுவுக்குத் திருப்புகிற பொத்தான் ஒன்று இருப்பதை இறங்கின பிறகுதான் கண்டேன். கார்ட்டை ஞாயிறு வரை வைத்திருக்கிறேன்.