முழுநேர ஆர்.வி. வாழ்க்கை: எந்த மாநிலத்து முகவரி வைத்துக்கொள்வது?

எடிசன்வாசி:

வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் இருக்கிற வீட்டை விற்கப் போட்டாயிற்று. பையன் கல்லூரிக்குப் போய்விட்டான். கோடை முடிந்ததும் நானும் மனைவியும் ஃபிஃப்த் வீலில், அதாவது டிரக்கில் மாட்டி இழுக்கிற ஆர்.வி. என்னும் வண்டிவீட்டில், குடியேறுகிறோம். இழுப்பதற்கு எஃப்-350 டிரக் வாங்கியாகிவிட்டது, அதனால் இனிப் பின்வாங்க முடியாது.

எங்கள் நிலவரம் இது. நான் அமெரிக்கக் குடிமகன். மனைவிக்கு கிரீன் கார்டு. வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்திய பாஸ்போர்ட்டை விட மனசில்லாமல் இழுத்துக்கொண்டே வந்தாள், இப்போதுதான் குடியுரிமைக்குச் சரி என்றிருக்கிறாள். எனக்கு மன்ஹாட்டன் கம்பெனி ஒன்றில் வேலை, முழுக்க ரிமோட்.

சவுத் டகோட்டாவில் ஒரு ராத்திரி தங்கி ரசீதைக் காட்டினால் லைசென்ஸ் தருகிறார்கள், மாநில வருமான வரியும் கிடையாது என்கிறார்கள். நமக்கு வரும் தபாலை வாங்கி வைக்கிற கடையில் ஒரு மெயில்பாக்ஸ் எடுத்து, லைசென்ஸை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? கும்பகோணத்தில் அப்பா, "விலாசம் இல்லாதவனுக்கு எவன்டா கடுதாசி போடுவான்?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்டின்காரி:

அப்பா கேட்டது சரியான கேள்வி! ஆர்.வி.காரர்கள் பெரும்பாலும் மூன்று மாநிலங்களில் ஒன்றைத்தான் எடுப்பார்கள்: சவுத் டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா. மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்கிற சின்ன ஊரில் ஆர்.வி.காரர்களின் எஸ்கேப்பீஸ் கிளப் நடத்துகிற, தபாலை வாங்கி அனுப்பும் நிலையம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் விலாசம். எங்களுக்கும் அதுதான்.

டெக்சாஸ் என்றால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரக், ஃபிஃப்த் வீல் இரண்டிலும் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஒரு எடை இருக்கும், சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை அது. இரண்டையும் கூட்டினால் 26,000 பவுண்டுக்கு மேல் வந்து, இழுக்கப்படும் வண்டி மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால், சாதாரண லைசென்ஸ் செல்லாது. கமர்ஷியல் அல்லாத கிளாஸ் ஏ வாங்க வேண்டும். எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டுவது இரண்டும் உண்டு. சவுத் டகோட்டாவில் இந்தத் தொல்லை கிடையாது.

வண்டிவீடு:

மாநிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மனைவி விஷயம். எல்லோரும் லைசென்ஸிலேயே நிற்கிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை.

மாநிலம் உங்களிடம் கேட்பது, "திரும்பி வருவதற்கான ஊர் எது?" என்று. உங்கள் எண்ணம்தான் அங்கே கணக்கு. லைசென்ஸ், வண்டிப் பதிவு, ஓட்டு, உயில் எல்லாம் அந்த எண்ணத்துக்குச் சாட்சி. குடிவரவுச் சட்டம் அப்படி இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது அதற்குத் தேவையே இல்லை. நிஜமாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்கும். தபால் பெட்டியில் யாரும் குடியிருக்க முடியாது.

குடியுரிமை மனுவான என்-400 போடும் நாளுக்கு முன் மூன்று மாதமாவது அந்த மாநிலத்திலோ, குடிவரவுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸின் அந்த மாவட்டத்திலோ வசித்திருக்க வேண்டும். ஐந்து வருடத்து வீட்டு முகவரிகளையும் கேட்பார்கள். அரிசோனாவில் ஒரு மாதம், யூட்டாவில் ஒரு மாதம் என்று சுற்றிக்கொண்டு அதை நிரப்பிப் பாருங்கள், தலை சுற்றும். அது போக, கிரீன் கார்டு இருக்கும்வரை வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்கிற முகவரி மாற்றப் படிவம் மூலம் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டுக்கும் போடுவதா என்ற பஞ்சாயத்தே உங்களுக்கு வேண்டாம்.

அதனால் எடிசனில் வீடு இருக்கும்போதே மனுவைப் போடுங்கள். முடிந்தால் உறுதிமொழி எடுக்கும்வரை அந்தப் பக்கத்திலேயே இருங்கள். வீடு சீக்கிரம் விற்றுவிட்டால் மாத வாடகைக்கு ஏதாவது எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. நடுவில் மாநிலம் மாறினால் ஃபைல் வேறு அலுவலகத்துக்குப் போகும். அது எப்போது போய்ச் சேரும் என்பது பெருமாளுக்கே வெளிச்சம். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர் அட்டை) எடுப்பது இரண்டுக்கும் முகவரிச் சான்று கேட்பார்கள். வண்டிக்கு ஏது கரண்ட் பில்? அதையும் கையோடு அங்கேயே முடித்துவிடுங்கள்.

குறுக்கு வழி ஏதாவது தோன்றினால் முதலில் ஒரு குடிவரவு வக்கீலிடம் கேளுங்கள். ஃபேஸ்புக் குழுவில் கேட்காதீர்கள்.

வரிக்கணக்கு:

மன்ஹாட்டன் கம்பெனி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், உங்கள் வரி முழுக்க அதில்தான் இருக்கிறது. உங்கள் வேலை நியூயார்க் அலுவலகத்தோடு சேர்ந்தது என்றால், நீங்கள் வசதிக்காக வெளியே உட்கார்ந்து செய்கிற நாட்களையும் நியூயார்க்கில் செய்ததாகவே அந்த மாநிலம் எடுத்துக்கொள்ளும். கம்பெனியே தன் தேவைக்காக வெளியே அனுப்பினால்தான் விலக்கு. சவுத் டகோட்டா லைசென்ஸ் பையில் இருந்தாலும் நியூயார்க் வரி போய்க்கொண்டுதான் இருக்கும். நிஜமான லாபம் வேண்டுமானால் வேலையை வேறு மாநில அலுவலகத்துக்கு மாற்றித் தருவார்களா என்று எச்.ஆரிடம் கேளுங்கள்.

வீட்டு விற்பனையில் "எக்ஸிட் டாக்ஸ்" என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது தனி வரி இல்லை, மாநிலத்தை விட்டுப் போகிறவரிடம் முன்கூட்டியே பிடித்துவைக்கிற பணம். குடியிருந்த வீடுதானே, வீடு கைமாறுகிற கிளோஸிங் அன்று ஜிஐடி/ரெப்-3 படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பிடிக்க மாட்டார்கள். வக்கீல் தவறிப்போய், வெளிமாநிலத்தவருக்கான ரெப்-1-ஐ நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பிடித்துவிட்டால் பிறகு மனுவோ ரிட்டர்னோ போட்டுத்தான் திரும்ப வாங்க முடியும்.

எடிசன்வாசி:

வண்டிவீடு அண்ணா, மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். என்-400 இந்த வாரமே போகிறது. எச்.ஆருக்கும் மெயில் அனுப்பிவிட்டேன். வங்கி, இன்சூரன்ஸ் எல்லாம் மெயில்பாக்ஸ் முகவரியிலேயே ஓடுமா?

ஆஸ்டின்காரி:

தபால் ஓடும். கணக்குதான் தகராறு. அது தபால் கடை முகவரி என்று வங்கியின் கணினி கண்டுபிடித்துவிடும். எங்களுக்கு ஒரு வங்கி அதனாலேயே கணக்கை முடக்கி வைத்தது. வீட்டு முகவரி இல்லாதவர்கள் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவரின் வீட்டு முகவரியைத் தரலாம் என்று மத்திய விதியே இருக்கிறது, கவுண்டரில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. மேனேஜரைக் கேளுங்கள். நாங்கள் நாத்தனார் வீட்டைக் கொடுத்திருக்கிறோம்.

மெயில்பாக்ஸ் எடுக்க தபால் துறையான யு.எஸ்.பி.எஸ்.ஸின் 1583 படிவத்தில் நோட்டரி முன்னாலோ மெயில்பாக்ஸ் கடைக்காரர் முன்னாலோ கையெழுத்திட வேண்டும். கணவன், மனைவி இருவருக்குமே போடுங்கள், இல்லையென்றால் மனைவி பெயருக்கு வருகிற தபாலைக் கொடுக்க மாட்டார்கள்.

இன்சூரன்ஸுக்கு "ஃபுல் டைமர்" பாலிசி என்றே கேட்டு வாங்குங்கள். விடுமுறைக்கு ஓட்டுகிறவர்களுக்கான பாலிசியை வைத்துக்கொண்டு அதிலேயே குடியிருப்பது தெரிந்தால், க்ளெய்ம் நேரத்தில் கை விரித்துவிடுவார்கள். மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனி மூலமா, சொந்தமா? சொந்தமாக எடுப்பதென்றால் மாநிலத்தை முடிவு செய்வதற்கு முன் இங்கே சொல்லுங்கள். திட்டங்கள் எல்லாம் ஜிப் கோடை வைத்துத்தான் கிடைக்கும். சொந்த மாநிலத்துக்கு வெளியே வெறும் எமர்ஜென்சிக்கு மட்டும் பணம் தருகிற திட்டத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஊர் ஊராகச் சுற்ற முடியாது.