மலையேற்றத்தில் காபரேட்டரும் இன்ஜெக்ஷனும்: உங்கள் அனுபவம் என்ன?

தலவாக்கலையிலிருந்து:
பத்து வருடம் காபரேட்டர் பைக்தான் ஓட்டினேன், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய முறை. கம்பளையில் சீராக ஓடுகிற வண்டி, றம்பொடை வளைவுகளைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும்போது திணறும், பின்னால் பெற்றோல் மணக்கும். ஒருநாள் தீப்பொறி தரும் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி முழுக்க குப்பி விளக்குக் கரி மாதிரி உலர்ந்த கறுப்பு, தொட்டதும் விரலில் அப்பிக்கொண்டது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு, ஆனால் பெற்றோல் வரும் ஜெட்டின் துளை அதே அளவுதானே, அதனால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் உள்ளே போய் அரைகுறையாக எரிகிறது என்று கரேஜ் பாஸ் விளக்கினார். புகையில் காபன் மொனொக்சைட் கூடுவதும் அதனால்தான்.

ஹட்டனிலிருந்து:
உண்மை அண்ணே. நான் இன்ஜெக்ஷன் காருக்கு, அதாவது கம்ப்யூட்டர் கணக்கில் பெற்றோலைத் தெளிக்கும் காருக்கு, மாறி நான்கு வருடம். உள்ளே வரும் காற்றை ஒரு சென்சர் அளக்கிறது, புகையில் மிஞ்சும் ஒட்சிசனை இன்னொன்று பார்க்கிறது, எடையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கைவிட்டு அதிகம் விலகாமல் ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டரும் ஒழுங்காக வேலை செய்யும். புகைப் பரிசோதனைக்குப் போகும்போது முன்பிருந்த பயம் இப்போது இல்லை. ஆனால் ஏற்றத்தில் இழுவை குறையத்தான் செய்கிறது. காற்றே குறைவு, இன்ஜெக்டர் என்ன செய்யும்?

பண்டாரவளையிலிருந்து:
என்னுடையது டிரெக்ட் இன்ஜெக்ஷன். சாதாரண இன்ஜெக்ஷனில் வால்வுக்கு முன்னால் 3, 4 பார் அழுத்தத்தில் தெளிப்பதை, இதில் நூறு பாருக்கு மேல் நேரே சிலிண்டருக்குள் அடிக்கிறார்கள். உள்ளேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விப்பதால் கொம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அளவை, கூட்ட முடிகிறது, இழுவையும் அருமை. ஆனால் கரித்துகள் அதிகம் வரும். போன மார்கழிக் குளிரில், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் உதற ஆரம்பித்தது. ஒரு கரேஜில் ப்ளக், கொயில் எல்லாம் மாற்றிக் காசு கரைந்ததுதான் மிச்சம். அப்புறம் வேறொருவர் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மெனிஃபோல்டைக் கழற்றிக் காட்டினார், உள்ளிழுக்கும் வால்வின் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி தடித்துப்போயிருந்தது. சுரண்டிக் கழுவியபின் நடுக்கம் நின்றது.

தலவாக்கலையிலிருந்து:
95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் அந்தக் கரி போகாதா தம்பி?

பண்டாரவளையிலிருந்து:
போகாது அண்ணே. இந்த எஞ்சினில் பெற்றோல் அந்த வால்வின் பின்பக்கத்தைத் தொடுவதே இல்லை.