குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்தை அறுக்கலாமா?

தோப்புக்காரன்:
இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததை நினைத்து, ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு ஓலை பிடித்துப் பவனி போவதுதான் குருத்தோலை ஞாயிறு. படைப்பைப் பேண வேண்டும் என்று பிரசங்கம் நடக்கிற ஆலயங்களிலேயே குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் தென்னை ஏறிக் குருத்தை அறுக்கிறார்கள். தென்னைக்குப் பக்கக்கிளை கிடையாது. வளரும் மொட்டு ஒன்றே ஒன்றுதான், அதுவும் குருத்துக்கு அடியில். விரியாத குருத்தைக் கழுத்தோடு அறுத்தால் உள்ளே சுருண்டிருக்கும் அடுத்தடுத்த மட்டைகளின் நுனியும் சேர்ந்து போகும். அரிவாள் மொட்டு வரை இறங்கிவிட்டால் மரமே போச்சு. ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ மனிதனை வைத்ததாக ஆதியாகமம் 2:15 சொல்கிறது. இது பண்படுத்துவதா, காப்பதா?

கோயில்பிள்ளை:
அண்ணாச்சி, கொஞ்சம் நிதானம். நன்றாக வளர்ந்த தென்னையில் 30 மட்டை நிற்கும், வருஷத்துக்குப் புதிதாக 12 மட்டை விடும். ஒரு குருத்து போனால் ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி போகும், அவ்வளவுதான். ஒரு மட்டையில் 200 ஓலைக்கு மேல் இருக்கும். 400 பேர் வரும் ஆலயத்துக்குக் கிழிசலையும் சேர்த்து 3 குருத்து போதும். குருத்தழுகல் மழைக்கால நோய், நாம் அறுப்பதோ மார்ச், ஏப்ரல் வெயிலில். ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்று 1:28-உம் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

தோப்புக்காரன்:
அழுகல் வராது, சரி. சிவப்புக் கூன்வண்டு வருமே? பச்சைக் காயத்தின் வாடைக்கு வந்து முட்டையிடும். புழு உள்ளே குடைவது வெளியில் தெரியாது. நடுக்குருத்து வாடிய பிறகு பார்த்துப் பயனில்லை. பச்சை மட்டையை வெட்டினால் தண்டிலிருந்து 120 செ.மீ. காம்பு விட்டு வெட்டச் சொல்வது இதற்காகத்தான். குருத்தில் அப்படி விட இடம் எங்கே?

ஏற்கெனவே அறுத்துவிட்டவர்களுக்கு: அன்றைக்கே 10 சதவீத போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும் சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளி, இரும்பு ஆகவே ஆகாது. கத்தியை நனைத்துப் பார்த்துச் சிவப்பாகப் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. ஆனால் இந்தப் பசை பூஞ்சைக்குத்தான், வண்டுக்கு அல்ல. கூன்வண்டு நுழையக் காண்டாமிருக வண்டின் ஓட்டையும் வழிவிடும். அந்த வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம், உட்பக்கத்து மூன்று மட்டை இடுக்கில் போட வேண்டும். மூன்று குருத்துக்கு இவ்வளவு வேலை.

எழுத்தெண்ணி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இயேசுவின் அந்தப் பவனியைச் சொல்லும் நான்கு நற்செய்திகளில் பனை இனத்து மரத்தைச் சொல்வது யோவான் 12:13 மட்டும்தான். மத்தேயுவும் மாற்கும் வெறும் கிளை, தழை என்கிறார்கள். லூக்காவில் விரித்த துணி மட்டுமே. யோவானின் கிரேக்கத்திலும் இருப்பது பேரீச்சங்கிளை, குருத்து அல்ல. ‘குருத்தோலை’ தமிழ் மொழிபெயர்ப்பு தந்த சொல். போலந்திலும் ரஷ்யாவிலும் வில்லோக் கிளை பிடிக்கிறார்கள், இத்தாலியில் ஒலிவம். முற்றுகைப் போரில்கூடக் கனிமரத்தை வெட்டாதே என்கிறது உபாகமம் 20:19.

கொலம்பியாவையும் பாருங்கள். ஆண்டிஸ் மலையின் மெழுகுப்பனை 1985-இல் சட்டப்படி அந்நாட்டின் தேசிய மரமானது. அதன் இளங்குருத்தைத்தான் இந்த ஞாயிறுக்கு வெட்டி வந்தார்கள். பட்டுப்போன மெழுகுப்பனைப் பொந்தில் கூடு கட்டும் மஞ்சள்காதுக் கிளி கிட்டத்தட்ட அற்றுப்போய், 1999-இல் 81 பறவைகள் கொண்ட கூட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு திருச்சபை ஆயர்களும் சூழலியலாளர்களும் சேர்ந்து வேறு இலைகளைப் பிடிக்கச் சொன்னார்கள்.

கோயில்பிள்ளை:
கிளிக்கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அங்கே காட்டை அழித்து மாட்டுக்குப் புல்வெளி ஆக்கினார்கள். நாற்றுகளை மாடு மேய்ந்துவிட்டது, கிழட்டுப் பனை மட்டும் நிற்கிறது. பெரிய குற்றவாளி மாட்டுப்பண்ணை, பவனி அல்ல. தென்னையோ காட்டு மரமும் அல்ல, நட்டு வளர்ப்பது. முற்றின மட்டை ஓலை விறைப்பாக இருக்கும், மடித்துச் சிலுவை செய்ய வராது, ஒடியும். மாற்றாக எதைத் தருவீர்கள், பிளாஸ்டிக்கா? பழைய குருத்தோலையை எரித்த சாம்பலைத்தானே அடுத்த வருஷச் சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசுகிறோம், பிளாஸ்டிக்கை எரித்துப் பூசுவீர்களா?

எழுத்தெண்ணி:
மாடு பெரிய காரணம், ஒப்புக்கொள்கிறேன். மாடு எட்டாத காட்டில் மிஞ்சிய இளம் பனையைத்தான் அரிவாள் தேடிப் போனது. வளர்ந்து நிற்கப் பல பத்தாண்டு பிடிக்கும் மரம் அது.

தோப்புக்காரன்:
பிளாஸ்டிக் பேச்சே வேண்டாம். வீடு கட்ட, ரோடு போட வெட்டிச் சாய்க்கிற தென்னை எந்த ஊரிலும் உண்டு. சாய்ந்த மரத்தின் குருத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு நாள் துவளாது. சிலுவை மடிக்க அது. பவனியில் பிடிக்க, கீழ் வரிசைப் பச்சை மட்டையை 120 செ.மீ. விட்டு வெட்டிய ஓலை.

கோயில்பிள்ளை:
மரம் நம் பண்டிகை பார்த்தா சாயும் அண்ணாச்சி? சாய்ந்த மரம் கிடைக்காத வருஷம் கமிட்டிக்கு என்ன பதில்?

தோப்புக்காரன்:
அந்த வருஷம் சிலுவை மடிக்க வேண்டாம். பவனி நடக்கும்.