மறுமொழி: 'செக்யூரிட்டி பார்ட்னர்ஷிப்' தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம். நாடுகள் பாதுகாப்புக்காகச் செய்துகொள்ளும் பலவகை ஏற்பாடுகளுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற இழைக்கு என் பதில் இது.

> 'பாதுகாப்பு ஒப்பந்தம்' என்று பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதுகின்றன. படிப்பவர்களுக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம், ஐயா. 2025 செப்டம்பரில் சவுதி அரேபியாவும் பாகிஸ்தானும் ரியாத்தில் கையெழுத்திட்டதைப் 'பாதுகாப்பு ஒப்பந்தம்' என்கிறோம். 1954 மே மாதம் அமெரிக்காவும் பாகிஸ்தானும் கராச்சியில் கையெழுத்திட்டதையும் அப்படியேதான் சொல்கிறோம். முதலாவதில், ஒரு நாட்டின் மீது நடக்கும் தாக்குதல் இரண்டு நாடுகளின் மீதும் நடந்த தாக்குதலாகக் கருதப்படும் என்று இருக்கிறது. 1954 ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆயுதம் வரும், பயிற்சி வரும், கூடவே அமெரிக்க அதிகாரிகளும் வருவார்கள். வந்ததைத் தற்காப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு, வட்டாரப் பாதுகாப்பு, ஐ.நா. கூட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படுத்துவோம், எந்த நாட்டின் மீதும் படையெடுக்க மாட்டோம் என்று பாகிஸ்தான் உறுதி சொன்னது. அவ்வளவுதான். ஆங்கிலத் தலைப்பிலேயே 'மியூச்சுவல் டிஃபென்ஸ் அசிஸ்டன்ஸ்' என்று இருக்கிறது. அந்த 'அசிஸ்டன்ஸ்'தான் அதன் உயிர். தமிழுக்கு வரும்போது அது எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது.

என் கட்சி இதுதான்: ஒப்பந்தத்தின் தலைப்பைப் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது, 'அடி விழுந்தால் வருவார்களா?' என்ற கேள்விக்கு அதற்குள் என்ன பதில் இருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். இந்தக் கேள்வியைப் பாகிஸ்தானை விட அதிகமாகக் கேட்டு ஏமாந்த நாடு குறைவு. அதனால் உதாரணங்களையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

அதே 1954இல் மணிலாவில் சீட்டோ, அதாவது தென்கிழக்காசியக் கூட்டணி ஒப்பந்தம். இதில் தாக்குதல் நடந்தால் நடவடிக்கை எடுக்கும் கடப்பாடு உண்டு. ஆனால் அமெரிக்கா தனியாக ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்துக்கொண்டது: தன்னுடைய கடப்பாடு கம்யூனிஸ்ட் தாக்குதலுக்கு மட்டும்தான். பாகிஸ்தானின் கவலையோ முழுக்க இந்தியா. மறு ஆண்டு மேற்காசிய ராணுவக் கூட்டணியான பாக்தாத் ஒப்பந்தத்தில் பாகிஸ்தான் சேர்ந்தது. பின்னால் சென்டோ என்று பெயர் மாறிய அதில் அமெரிக்கா முழு உறுப்பினராகவே சேரவில்லை. அப்புறம் 1959 மார்ச்சில் அங்காராவில் அமெரிக்காவோடு ஒரு இருதரப்பு ஒப்பந்தம். கலைச்சொல் ஆக்குகிறவர்கள் இதன் முதல் பிரிவை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். பாகிஸ்தான் மீது தாக்குதல் நடந்தால் அமெரிக்கா 'படைகளைப் பயன்படுத்துவது உட்பட' தக்க நடவடிக்கை எடுக்கும் என்று தொடங்குகிறது. கராச்சியில் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அதே வாக்கியத்தில் அந்த நடவடிக்கை இருதரப்பும் 'ஒப்புக்கொள்ளக்கூடிய' ஒன்றாக இருக்க வேண்டும், அமெரிக்க அரசியலமைப்புக்கு உட்பட வேண்டும், மத்தியக் கிழக்கு பற்றி அவர்கள் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தையும் ஒட்டியிருக்க வேண்டும். அந்தத் தீர்மானமும் கம்யூனிஸ்ட் தாக்குதலைப் பற்றியதுதான். வலது கையால் கொடுத்ததை இடது கையால் வாங்கிக்கொண்ட வாக்கியம் அது.

1965இல் இந்தியா-பாகிஸ்தான் போர் வந்தபோது அமெரிக்கா இரண்டு நாடுகளுக்கும் ஆயுதம் அனுப்புவதை நிறுத்தியது. கேட்க நடுநிலைதான். பாகிஸ்தானிடம் இருந்த பேட்டன் டாங்கி, சேபர் விமானம் எல்லாமே அமெரிக்கச் சரக்கு; உதிரிபாகம் வராவிட்டால் ஓடாது. இந்தியாவுக்கு வேறு கடைகள் இருந்தன.

சரி, சொற்களுக்கு வருவோம்.

உண்மையிலேயே 'உன்னை அடித்தால் என்னை அடித்த மாதிரி' என்று இருதரப்பும் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்கு நான் முன்வைப்பது 'உடன்காப்பு ஒப்பந்தம்'. உடன்படிக்கை, உடன்பிறப்பு வரிசையில் காதுக்குப் பழகிய அமைப்பு. 'கூட்டுப் பாதுகாப்பு' என்று வைக்கலாமே என்று கேட்டிருந்தார்கள். அது ஐ.நா. சாசனம் பற்றி எழுதுகிறவர்கள் 'கலெக்டிவ் செக்யூரிட்டி'க்குப் பயன்படுத்தும் சொல். பகைவன் யார் என்று முன்கூட்டியே குறிக்காத ஏற்பாடு அது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

1954 வகைக்கு 'படையுதவி ஒப்பந்தம்'. இதில் புதுமை எதுவும் இல்லை, அதனாலேயே நல்லது. வருகிற உதவி நிற்கவும் கூடும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அணுகுண்டு இல்லை என்று அதிபர் சான்று தந்தால்தான் பாகிஸ்தானுக்கு உதவி என்ற அமெரிக்காவின் பிரஸ்லர் சட்டத்திருத்தத்தின்படி 1990இல் உதவி நின்றபோது, பாகிஸ்தான் பணம் கட்டியிருந்த 28 எஃப்-16 விமானங்கள் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டன. கணக்குத் தீர 1998 ஆயிற்று. அதிலும் ஒரு பகுதி பணமாக, மறுபகுதி கோதுமை மாதிரியான பண்டமாக.

> அண்ணா, 'துணைவலி' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே. 'துணைவலி ஒப்பந்தம்' என்றால் அழகாக இருக்காதா?

அழகாகத்தான் இருக்கும், தம்பி. வலியறிதல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே 'மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்' என்று வருகிறது. துணைவலி என்பதற்கு இருவர்க்கும் துணையாவார் வலி என்று பரிமேலழகர் உரை. நமக்குத் துணை வருகிறவர்களை மட்டும் எண்ணினால் போதாது, எதிரிக்குத் துணை வருகிறவர்களையும் எண்ண வேண்டும் என்பது கூர்மையான பார்வை. 1965இலும் 1971இலும் பாகிஸ்தான் ராணுவத் தலைமையகமான ராவல்பிண்டியில் இருந்தவர்கள் இந்தக் கணக்கைத்தான் தப்பாகப் போட்டார்கள்.

ஆனால் கலைச்சொல்லாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஏற்பாட்டுக்குப் பெயர் 'துணைப்படைத் திட்டம்'. 1798இல் ஹைதராபாத் நிஜாம் அதில் சேர்ந்தார். கம்பெனிப் படை அவர் ஊரில் தங்கும், செலவு அவருடையது, வெளியுறவு கம்பெனியின் கையில். பத்தாம் வகுப்பு படித்த எவருக்கும் 'துணை' என்றதும் அந்த வாடை வரும். இன்றைய பாகிஸ்தானையோ கத்தாரையோ அப்படிச் சித்திரிப்பது ஒரு அரசியல் கருத்து. அதைக் கட்டுரையில் வாதாடலாம், அகராதிக்குள் நுழைக்கக் கூடாது. 'துணைவலி'யைக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடுவோம்.

> இலங்கையில் 'பங்காண்மை' என்கிறோம். 'பாதுகாப்புப் பங்காண்மை' எப்படி?

அக்கா, சொல் நன்றாக இருக்கிறது. எனக்குத் தயக்கம் அந்தச் சொல்லில் இல்லை, அதிலிருந்து தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் உடனே உருவாக்கப்போகும் 'பங்காளி நாடு' என்பதில்தான். எங்கள் பக்கம் பங்காளி என்றால் வரப்புத் தகராறும் கோர்ட்டு வாய்தாவும்தான் ஞாபகத்துக்கு வரும். வாஷிங்டன்-இஸ்லாமாபாத் விஷயத்தில் அது பொருந்தவில்லை என்றும் சொல்ல முடியவில்லை, அது வேறு. பொதுப்பெயராக எனக்குப் 'பாதுகாப்பு உறவு' போதும். ஆங்கிலத்தில் 'பார்ட்னர்ஷிப்' என்பதே வேண்டுமென்று மங்கலாக வைத்திருக்கும் சொல். யாருக்கு என்ன கடப்பாடு என்று அது சொல்வதில்லை. தமிழிலும் அது மங்கலாகவே இருக்கட்டும். உட்பிரிவுகள் துல்லியமாக இருந்தால் சரி.

அடுத்தது ராணுவத் தளம். இதைப் பற்றி இழையில் யாரும் பேசவில்லை, எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. வல்லரசு இந்த நாடுகளைத் தேடிப் போவதே இடத்துக்காகத்தான். பெஷாவருக்கு அருகே படபேரில் அமெரிக்கர்கள் நடத்திய ஒட்டுக்கேட்பு நிலையம் பத்தாண்டுக் குத்தகை. 1960 மே 1 அன்று சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 உளவு விமானம் கிளம்பியதும் பெஷாவரிலிருந்துதான். மாஸ்கோவின் கோபம் பாகிஸ்தான் பக்கமும் திரும்பியது. குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம் என்று 1968இல் பாகிஸ்தான் சொல்லிவிட்டது. இதை 'தளக் குத்தகை' என்று எழுதலாம்: காலவரம்பு உண்டு, காகிதம் உண்டு.

பலூசிஸ்தானின் ஷம்சி விமானத்தளம் வேறு மாதிரி. அரபு ஷேக்குகள் வேட்டைக்கு வந்து போவதற்காக ஐக்கிய அரபு அமீரகத்திடம் கொடுக்கப்பட்டிருந்த ஓடுதளம், 2001க்குப் பிறகு அமெரிக்கர்களின் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கிருந்து ட்ரோன்கள் பறந்தன. 2011 நவம்பரில் ஆப்கான் எல்லையில் உள்ள சலாலாவில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தார்கள். உடனே காலி செய்யச் சொன்னார்கள், டிசம்பரில் அமெரிக்கர்கள் போய்விட்டார்கள். ஆப்கானிஸ்தானுக்கு நேட்டோ சரக்குப் போகும் சாலையும் 2012 ஜூலை வரை அடைபட்டது. இந்த வகைக்கு 'தள இசைவு' என்பேன். குத்தகை இல்லை, உரிமை இல்லை. இசைந்தார்கள், பிறகு இசைவை எடுத்துக்கொண்டார்கள். 'தள உரிமை' என்று மொழிபெயர்த்தால் இந்தக் கதையே தலைகீழாகிவிடும்.

'மேஜர் நான்-நேட்டோ அலை' (Major Non-NATO Ally) என்று அமெரிக்கா கொடுக்கும் பட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் பாகிஸ்தானுக்கும் 2022இல் கத்தாருக்கும் கிடைத்த தகுதி. 'நேட்டோ சாரா முக்கிய நட்பு நாடு' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. உபரி ஆயுதங்களில் முன்னுரிமை, ஆராய்ச்சியில் கூட்டு, இப்படிச் சில வசதிகள் உண்டு. அடி விழுந்தால் வருவோம் என்ற உறுதி இல்லை. உள்ளதைச் சொன்னால் இது 'சலுகை நாடு'. ஆனால் அதிகாரப்பூர்வப் பட்டத்தை மொழிபெயர்ப்பாளர் திருத்தக் கூடாது என்று மூத்தவர் ஒருவர் எழுதியதை ஏற்கிறேன். பட்டம் அப்படியே இருக்கட்டும், அகராதி விளக்கத்தில் 'பாதுகாப்புக் கடப்பாடு அடங்காது' என்ற வரி கட்டாயம் வேண்டும்.

ஒன்று இன்னும் தீரவில்லை. 2025 அக்டோபரில் வெளியான ஆணையில், கத்தார் மீதான ஆயுதத் தாக்குதலை அமெரிக்காவின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் வந்த அச்சுறுத்தலாகக் கருதுவோம் என்று ட்ரம்ப் அறிவித்தார். தோஹாவில் இஸ்ரேல் குண்டு போட்ட சில வாரங்களில் வந்த ஆணை அது. இதில் கத்தார் பதிலுக்கு எதுவும் எழுதிக்கொடுக்கவில்லை, அமெரிக்க செனட் ஒப்புதலும் இல்லை. ஆகவே உடன்காப்பும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. 'காப்புறுதி' என்பது கச்சிதமான சொல், ஆனால் இலங்கையில் அது இன்சூரன்ஸ். 'காவல் உறுதி' என்று எனக்குத் தோன்றுகிறது. 'காவல்' என்றால் போலீஸ்தானே நினைவுக்கு வரும் என்பவர்கள் மாற்றுச் சொல் அனுப்புங்கள். மற்ற ஐந்தையும் இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.