உள்ளிருக்கும் குழந்தையோடு பேசச் சொல்லும் சிகிச்சை: அம்மாவைக் குற்றம் சொல்வதில் முடியுமா?

கேள்வி – பெரம்பூர் வாசகி

வணக்கம். நீண்ட நாள் பதற்றத்துக்காக ஓர் உளவியல் ஆலோசகரிடம் சென்று வருகிறேன். அலுவலகத்தில் மேலாளர் குரலை உயர்த்தினாலே எனக்குக் கை நடுங்கிப் பேச்சு நின்றுவிடும். சென்ற அமர்வில் அவர், எதிரே இருந்த காலி நாற்காலியில் எட்டு வயதுச் சிறுமியாக என்னையே நினைத்துக்கொண்டு பேசச் சொன்னார். ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று 'இது வேண்டாம்' என்று தடுத்தது. மதிப்பெண் குறைந்தால் நாள்கணக்கில் என்னோடு பேசாமலிருந்த அம்மாதான் இன்று என் மகனுக்குச் சோறூட்டி வளர்க்கிறார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் இது முடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இம்முறைக்கு அறிவியல் அடிப்படை உண்டா?

பதில் 1 – உளவியல் ஆலோசகர், அண்ணா நகர்

சகோதரி, 'வேண்டாம்' என்று தடுத்த அந்தக் குரலிலிருந்தே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. அமெரிக்கக் குடும்ப உளச்சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1980களில் உருவாக்கிய 'இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்' முறை, மனத்தில் காயத்தைச் சுமக்கும் பகுதிகளும், அந்தக் காயம் மீண்டும் தீண்டப்படாமல் காவல் காக்கும் பகுதிகளும் இருப்பதாகக் கொள்கிறது. காவல் நிற்கும் பகுதியின் இசைவைப் பெறாமல், காயத்தைச் சுமக்கும் உள்ளிருக்கும் குழந்தையை நெருங்கக் கூடாது என்பது அதன் அடிப்படை ஒழுங்கு. ஆகவே அடுத்த முறை, "தடுக்கும் பகுதியிடம் முதலில் பேசலாமா?" என்று நீங்களே கேளுங்கள். அது எப்போதிலிருந்து காவல் நிற்கிறது, விலகி நின்றால் என்ன நேரும் என்று அஞ்சுகிறது என்னும் இரண்டு கேள்விகளுக்கே சில அமர்வுகள் தேவைப்படலாம். அதில் அவசரம் வேண்டாம்.

காலி நாற்காலி உத்தியைப் பரவலாக்கியவர், இந்தக் கணத்து உணர்வுகளைக் கவனிக்கச் செய்யும் கெஸ்டால்ட் உளச்சிகிச்சையின் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ். சான்றுகளைப் பொறுத்தவரை, குழந்தை நிலையை மையமாகக் கொண்ட ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா தெரபி, உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையின்றித் தடுமாறும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்குப் பயன் தருவதை நெதர்லாந்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. ஷ்வார்ட்ஸின் முறைக்கு ஆய்வுகள் இன்னும் குறைவு. பதற்றத்துக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கே வலுவான சான்று உள்ளதால், அதையும் இப்போதைய முறையோடு இணைத்துச் செய்ய இயலுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் 2 – தாம்பரம் வாசகர்

அப்பாவால் ஏற்பட்ட மனக்காயத்துக்காக இதே சிகிச்சையை நானும் எடுத்துக்கொண்டேன். அவர் மீது கோபப்படும் பகுதியையும், அவருக்கு நன்றி சொல்லும் பகுதியையும் தனித்தனியே பேசவிட்ட பிறகு, ஒன்று உண்மையென்றால் மற்றது பொய் என்னும் இறுக்கம் தளர்ந்தது. அப்பாவிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை.

பதில் 3 – மனநலச் சமூகப் பணியாளர், கீழ்ப்பாக்கம்

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். "உங்களுக்கு நினைவில் இல்லாத ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும்" என்று எவரேனும் வற்புறுத்தினால் உடன்படாதீர்கள். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாகப் பொய்யாகச் சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழக் கால் பங்கினர் அதை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்ததை அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உங்களுக்குத் தெளிவாக நினைவிருப்பதே இந்தச் சிகிச்சைக்குப் போதும். அமர்வுக்குப் பின் நேரம் போனதே தெரியாமல் நினைவு விடுபட்டாலோ, உறக்கம் கெட்டாலோ அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு உண்டு. அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.